ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்கு கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் கடையில் சத்தம் போட்டு வாசித்தோம். கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களை ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போய், கயிறு இழுக்க விட்டு, பலூன் ஊத விட்டு, ராத்திரி பிரியாணி போட்டுத் திரும்பக் கூட்டி வந்தால் அடுத்த மாதம் வேலை நன்றாக நடக்கிறதாம், சின்னக் கடைகளும் இதைச் செய்து பார்க்கலாம், செலவழித்த காசு தானாகத் திரும்பி வந்துவிடும் என்று முடித்திருந்தார் எழுதியவர். வாசித்து முடித்ததும் எங்கள் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். அதை நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு மீதியை நான் எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் டிசைன் கடை. முன்னால் மீனாட்சிபுரத்தில் கீழ்த்தளத்தில் இருந்தோம், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் இனிமேல் மாடிதான் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, சடங்கு பிளக்ஸ், கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜவுளிக்கடைக்கு அரை நிமிட வீடியோ, எது வந்தாலும் செய்வோம். அண்ணாச்சி பிளக்ஸ் வருவதற்கு முன்னால் சுவரில் விளம்பரம் எழுதினவர். அக்கா பிழை திருத்துகிறவர். தம்பி வீடியோ. தங்கச்சி படம் வரைகிறவள். நான் பக்கம் கட்டுகிறவன். எங்களைப் படைப்பாளிகள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ‘அந்த டிசைன் பயலுவ’ என்பார்கள், அதில் அக்காவும் தங்கச்சியும் அடக்கம்.

நாங்கள் ஒன்றாக வெளியே போக ஆரம்பித்ததே ஒரு தப்பினால்தான், அதுவும் எங்கள் தப்பு. சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. சிவகாசியில் அடித்து வந்த ஆயிரம் நோட்டீஸையும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து போன். “ஏன் அண்ணாச்சி, சாமத்துல எங்கன இருந்துய்யா கோடை வரும்?” எடுத்துப் பார்த்தால், தலைப்பில் எல்லாம் கொடை என்று சரியாக இருக்கிறது, நிகழ்ச்சி நிரலில் மட்டும் குடியழைப்பு, மதியக்கொடை, அதற்கு அடுத்தபடியாக ‘சாமக்கோடை’. ஒற்றைக்கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு. அன்றைக்கு அக்கா லீவு, நான்தான் பார்த்து அனுப்பினேன். (இதை இங்கே எழுத வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.)

மறுபடி அடிக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. ஐந்து பேரும் பிளேடு வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரம் நோட்டீஸிலும் அந்தக் கொம்பின் மேல் சுழியை மட்டும் சுரண்டி எடுத்தோம். கீழ்ச் சுழியில் பிளேடு பட்டால் எழுத்தே போய்விடும், தாளும் கிழிந்துவிடும் என்பதால் முதல் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் இரண்டு பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்களைவிட வேகமாகச் சுரண்டினார்கள், தினமும் இலை வெட்டுகிற கை அல்லவா. ராத்திரி எட்டரைக்கு முடிந்தது. பெரியவர் ஒன்றும் ஏசவில்லை. “கொடைக்கு அஞ்சு பேரும் வந்திரணும், வரலைன்னா அடுத்த வருஷம் வேற கடைதான்” என்றார். அது அழைப்பா மிரட்டலா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை.

போனோம். வெள்ளிக்கிழமை ராத்திரி. நாங்கள் எல்லோரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், கொடை நோட்டீஸ் போட்டே சோறு சாப்பிடுகிறவர்கள், ஆனால் ஐந்து பேரில் அண்ணாச்சியைத் தவிர யாரும் கணியான் கூத்தை முழு ராத்திரி உட்கார்ந்து பார்த்தது கிடையாது. நோட்டீஸில் அதை ‘மகுட ஆட்டம்’ என்று நூறு தடவை அடித்திருக்கிறேன், மகுடம் என்கிற மேளம் இரண்டு என்பதும், ஒன்று மந்தம் மற்றது உச்சம் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்துக்கு நாங்கள் இரண்டு பத்திரிகை முடித்திருப்போம். கூத்துக்குத் தலைவரான அண்ணாவி நின்றுகொண்டு கதை பாடுகிறார், பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார், பெண் வேடம் போட்ட ஆண்கள் இரண்டு பேர் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். பார்வதியின் முந்தானையில் விழுந்த விளக்குச் சுடரில் சுடலை பிறந்த கதை. பிறந்த பிள்ளை ராத்திரி எழுந்து போய்ச் சுடுகாட்டில் பிணம் தின்றுவிட்டு வந்து தொட்டிலில் ஒன்றும் தெரியாததுபோல் படுத்துக்கொள்கிற இடத்தில் கூட்டத்தில் இருந்த ஆச்சிகள் சிரித்தார்கள். எனக்குக் குலை நடுங்கியது, அவர்களுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை.

தம்பி மணலில் படுத்துத் தூங்கிவிட்டான். சாமி வேட்டைக்குக் கிளம்புகிற நேரம் மேளம் மாறியதில் திடுக்கிட்டு எழுந்தான். சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுப் பக்கம் ஓடுகிறார், யாரும் பின்னால் போகக் கூடாது, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள். பந்தம் தூரத்தில் சின்னதாகி மறைகிறது. ஊரே மூச்சு விடாமல் இருட்டில் நிற்கிறது. வீடியோ எடுத்துப் பிழைக்கிற பயல், போன் சட்டைப்பையில் இருக்கிறது, கையை அங்கே கொண்டு போகவே இல்லை. ஏன்லே எடுக்கலை என்று மறுநாள் கேட்டதற்கு, “தோணலை” என்றான்.

ராத்திரி பஸ் கிடையாது. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, சனிக்கிழமை கடையைத் திறக்கும்போது பதினொன்றரை. வாசலில் இரண்டு பேர் கத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது. உங்கள் கட்டுரையாளர் கணக்குப்படி பார்த்தால் அந்த ராத்திரியினால் எங்களுக்கு நஷ்டம்தான்.

அதற்கு அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். ஒரே ஒரு சட்டம். கடை வேலையைப் பற்றி யார் வாயைத் திறக்கிறார்களோ அவர் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். அதிகம் தண்டம் கட்டினவர் அக்கா. பஸ் ஜன்னலில் ஒரு கடை போர்டில் ஒற்று விட்டுப்போயிருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

சட்டத்தை ஐந்து பேரும் சேர்ந்தே மீறினது ஒரு தடவை. பிப்ரவரி மாதம், கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாக பஸ்ஸில் போய் இறங்கினால் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரங்களில் எல்லாம் கூடு. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஏதோ வாடகைக்கு இருப்பதுபோல் அவ்வளவு உரிமையாக இருக்கின்றன. கீழே விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பார்கள், எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், பறவை வராத வருஷம் நல்ல வருஷம் இல்லை என்பார்கள். 1994-இல் சர்க்கார் அதைச் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து தண்ணீர் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தது, சாதாரண வாத்து மாதிரிதான் இருக்கிறது என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சிக்கு போன்.

வாடிக்கையாக வருகிறவருடைய அப்பா விடியற்காலை தவறிவிட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். மத்தியானத்துக்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகையை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். கண்ணீர் அஞ்சலியை எப்படிச் சொல்வது? குளத்துக்கரையில் உட்கார்ந்து தம்பி போனிலேயே போஸ்டரைச் செய்தான். அவர்கள் அனுப்பினது பேரன் கல்யாணத்தில் எடுத்த படம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், முக்கால்வாசி இரங்கல் போஸ்டரில் இருக்கிற முகம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சிரித்த முகம்தான். தோளில் யாரோ ஒருவருடைய கை இருந்தது. “கையை அழிக்கவா அண்ணாச்சி?” என்றான். அவர் வாங்கிப் பார்த்தார். “ரெண்டு விரல் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுதுலே, பேரன் கைதான.” அக்கா பெயரையும் வயதையும் இரண்டு தடவை வாசித்தார். பாளையில் பிரிண்ட் போடுகிறவருக்கு அனுப்பினோம். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பைனாகுலரை எடுக்கவில்லை, கூழைக்கடாக்கள் மட்டும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. அன்றைக்கு டீக்குத் தண்டம் யாரிடமும் வாங்கவில்லை, அவரவர் காசைக் கொடுத்தோம்.

அண்ணாச்சிக்குப் பிடித்தது திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில். ஆற்றில் வெள்ளம், இந்தக் கரைக்கு வர முடியாத கருவூர்ச் சித்தர் அந்தக் கரையில் நின்று கூப்பிட, என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகச் சாய்ந்த லிங்கம் அப்படியே சாய்ந்தபடி இருக்கிறது. கோபுரத்துக்குள் அனுமதி வாங்கி ஏறினால் நிலைக்கு நிலை சுவர் முழுக்கப் பழைய ஓவியம், மரத்தூணெல்லாம் செதுக்கல். குதிரைகளை ஏற்றி வருகிற கப்பல் ஒன்று இருக்கிறது, அரபு வியாபாரிகள் கொண்டு வருகிற குதிரைகள். அண்ணாச்சி அந்தக் கப்பலுக்கு முன்னால் வெளவால் நாற்றத்தில் முக்கால் மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோடு இழுத்தவன் கை நடுங்கவே இல்லை பார்த்தியா என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான். சுவரில் இருபது வருஷம் பிரஷ் பிடித்து, அப்புறம் பிளக்ஸ் வந்து அந்த வேலை போய், ஐம்பது வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஆள் அங்கே என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே கேட்பீர்கள், அந்த ஓவியமெல்லாம் உங்கள் டிசைனில் வருகிறதா என்று. தங்கச்சி முயற்சி செய்தாள். ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் அந்தக் குதிரைக் கப்பலை அழகாக வரைந்து வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, “கப்பல் எதுக்கும்மா, நாம என்ன துறைமுகத்துலயா மண்டபம் பிடிச்சிருக்கோம், ஒரு பிள்ளையாரப் போடு” என்றார்கள். பிள்ளையாரைப் போட்டோம். காசு தானாகத் திரும்பி வருகிற கதை இதுதான்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கும் போனோம். மணிமுத்தாறில் இருக்கிற ஏட்ரீ என்ற சூழல் ஆராய்ச்சி அமைப்பின் மையத்துக்காரர்கள் 2011 முதல் நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம், குளம் குளமாகப் பிரித்து அனுப்புவார்கள். கூட்டமாக இருக்கிற பறவையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவு எத்தனை தடவை வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே கூட்டத்துக்கு அண்ணாச்சி முந்நூறு என்றார், தம்பி ஐந்நூறு என்றான். மறுபடி எண்ணுவதற்குள் ஒரு பருந்து வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. அந்தச் சண்டை டீக்கடை, பஸ், கடை என்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் வந்தது. கயிறு இழுத்து ஒற்றுமை வளர்ப்பதாக உங்கள் கட்டுரையில் படித்தபோது எனக்கு இந்தப் பறவைக் கணக்குதான் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் அவர்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை, என் வழியாகத்தான் பைல் போனது.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்குப் போனதை ஊர் சுற்றினதில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. தங்கச்சியின் ஆச்சி நாலுமுக்கில் தேயிலை பறித்தவர். நாலுமுக்கு, ஊத்து என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, உங்கள் பேப்பரில் மழைக்காலத்தில் மழை அளவுப் பட்டியலின் தலைமாட்டில் வருகிற ஊர்கள் அவை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் தேயிலைக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு, 2028-இல் முடிகிறது, அதற்கு முன்னாலேயே 2024-இல் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. லைன் வீட்டைக் காலி செய்து ஆச்சியைக் கீழே கூட்டி வரத்தான் ஐந்து பேரும் போனோம். கொண்டு வர வேண்டிய சாமான் அதிகம் இல்லை. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மி, தாத்தா படம். அம்மியைத் தூக்க வேண்டாம், கீழே மிக்சி இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னோம். “மிக்சிய நீ வச்சுக்கோ” என்றார். அம்மியை அண்ணாச்சியும் நானும் மாற்றி மாற்றி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தூக்கி வந்தோம், அட்டை கடித்த தழும்பு இன்னும் என் காலில் இருக்கிறது. இறங்குகிற வழியில் ஆச்சி ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. அந்தப் பயணத்தைத் தங்கச்சி இன்றுவரைக்கும் ஒரு கோடு கூட வரையவில்லை. வரை என்று நாங்களும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் ரிசார்ட்டின் மேல் இல்லை. போகிறவர்கள் போகட்டும், பலூன் ஊதட்டும். ஞாயிற்றுக்கிழமையையும் திங்கட்கிழமை லெட்ஜரில் எழுதி, வரவா செலவா என்று பார்க்கச் சொல்கிறீர்கள் பாருங்கள், அதுதான் ஆகவில்லை. வாரம் ஆறு நாள் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் மற்றவர்கள் வீட்டுச் சாவுக்கும் எழுத்து அடுக்குகிறோம், ஏழாவது நாள் எங்களுக்கென்று ஒன்றைப் பார்த்தால் அதற்கும் பலன் சொல்ல வேண்டுமா? தம்பி சொன்ன ‘தோணலை’ எந்தக் கணக்கில் வரும்?

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஒரு கோரிக்கை. உங்கள் பேப்பரில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று ஒரு பகுதி வருகிறது. பட்டிமன்றம், சொற்பொழிவு, ரத்ததான முகாம் எல்லாம் இருக்கிறது. பங்குனி, சித்திரையிலும் ஆடி, ஆவணியிலும் நம்ம மாவட்டத்தில் செவ்வாய், வெள்ளி தவறாமல் எங்கேயாவது கொடை நடக்கிறது, விடிய விடிய வில்லிசை, கணியான் கூத்து. அதில் ஒன்றுகூட அந்தப் பகுதியில் வந்து நான் பார்த்ததில்லை. கூத்துக்காரர்கள் பெயர் அந்த ஊர் நோட்டீஸில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், ஊர் எல்லையைத் தாண்டாது. அதைப் போடுங்கள். ஊர் பெயர், கோயில், எந்தக் குழு, எத்தனை மணி. முடிந்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மறுநாள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு வரி. அது இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நோட்டீஸ் எல்லாம் எங்களை மாதிரிக் கடைகளில்தான் கிடக்கிறது, கேட்டால் ஒரு பிரதி கொடுத்துவிடப் போகிறோம்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே ஊரில் கொடை. பெரியவர் சொன்னபடி இந்த வருஷமும் எங்கள் கடைக்கே நோட்டீஸ் வந்தது. சாமக்கொடை என்ற வரியை அக்கா மூன்று தடவை பார்த்துவிட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி ஒரு பாக்கெட் பிளேடு வாங்கி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
டிசைன் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.